உபவாசக்காரியின் பங்கு

சாப்பிடாமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்று கேட்டால், என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் திண்டிவனம் வட்டாரத்தில் இப்போது உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவுச் சீட்டு எழுதுவது என் உத்தியோகம். சபைக் கமிட்டியில் காரியதரிசியாக இருந்தது என் ஊழியம். ஒரு பக்கம் டாக்டர் சொல்லிப் பட்டினி, இன்னொரு பக்கம் போதகர் சொல்லிப் பட்டினி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட்டு, பென்ஷன் வரை வந்து சேர்ந்துவிட்டேன்.

முப்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் நான் ஹைஸ்கூல் படித்தபோது, ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் இருந்தார். இயற்கை வைத்தியத்தில் பித்துப் பிடித்தவர். வருஷத்துக்கு இரண்டு முறை வெறும் தண்ணீர் உபவாசம். வயிற்றில் ஈர மண்ணை அப்பிக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்தபடியே கட்சிக்காரர்களுக்கு யோசனை சொல்வார். ஏழாம் நாள் எலுமிச்சைச் சாறு, எட்டாம் நாள் ஆரஞ்சு. பத்தாம் நாள் உடம்பு இறகு மாதிரி இருக்கிறது என்பார். இறகாவதற்கு முன்னால் அவரிடம் உடம்பு நிறைய இருந்தது. அந்த வைத்தியத்துக்கு அதுதான் முதல் தேவை.

கோலியனூர்ப் பக்கத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பங்களில் லங்கணம் போடுவார்கள். ஜுரம் வந்தால் மூன்று நாள் வெந்நீர், நாலாம் நாள் மிளகு ரசம், ஐந்தாம் நாள் புழுங்கலரிசிக் கஞ்சி. இதை மீறிச் செத்தவன் மீறியதால் செத்தான். மீறாமல் செத்தவன் விதி முடிந்து செத்தான். வைத்தியர்மேல் இரண்டு விதத்திலும் பழி வராது.

ரோமன் கத்தோலிக்கர்கள் தபசு காலத்தில் ஒருசந்தி பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அந்த ஒரு வேளைக்குள் எத்தனை வேளை அடங்கும் என்பது இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு ஆமென். மூன்று ஐந்துக்கெல்லாம் போதகர் வீட்டு அடுப்படியிலிருந்து இட்லித் தட்டு வெளியே வரும். கடைசி ஜெபத்தைச் செய்கிறவர் நீட்டினால் பின்வரிசையில் இருமல் கேட்கும்.

இவையெல்லாம் பெயருள்ள உபவாசங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இடையில், கூலி இல்லாத வாரங்களில் நடக்கிற ஒன்றுக்குப் பெயர் கிடையாது. என் தாத்தா அந்த வகையில் தேர்ந்தவர். நிலமில்லாதவர்களின் தெருவிலிருந்துதான் அவர் சபைக்கு வந்தார். அதை நான் மறப்பதற்கு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் மிகவும் உதவியாக இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசி ரேஷன் கார்டுக்கு வந்த வருஷம். திண்டிவனத்தில் பன்னிரண்டு கட்டில் கொண்ட அந்தச் சிறிய ஆஸ்பத்திரி இன்று இல்லை. அதில் நான் கிளார்க்காகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலை நேரம், விழுப்புரம் பாசஞ்சரில் வந்திறங்கிய ஒரு தாய் தன் மகளைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். கோலியனூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். ஒரே போதகரின் கீழ் இருந்த எங்கள் சேகரம் ரயில் பாதையை ஒட்டி விழுப்புரம் வரைக்கும் நீண்டிருந்ததால் அவளும் எங்கள் சபையைச் சேர்ந்தவள்தான். கூலி வேலை, புருஷன் இல்லை. மகளுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும். தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

டைபாய்டு என்றார் டாக்டரம்மா. ஆயா உடனே கத்திரிக்கோலைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டினாள். அதுவும் முறைதான். பிறகு நான் கட்டிலின் கால்மாட்டில் சீட்டைக் கட்டினேன். இரண்டு மணிக்கு ஒரு தரம் பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, குளுக்கோஸ். வேறெதுவும் கூடாது. குடலில் புண் இருக்கிறது, ஒரு பருக்கை உள்ளே போனாலும் ஓட்டை விழுந்துவிடும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். டாக்டரம்மா படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நல்ல டாக்டர் அவர், கைராசிக்காரர் என்று பெயர். புத்தகத்தை மீறாதவர்.

சீட்டில் எழுதியிருப்பதை அந்தத் தாய்க்குப் படித்துச் சொன்னேன்.

"எத்தினி நாளுக்குங்கய்யா இப்பிடி?"

"இருபத்தொரு நாள். காய்ச்சல் இறங்கினப்புறம் இன்னும் பத்து நாள்."

"மாசம் பூராவுமா? பார்லித் தண்ணியிலியா? காய்ச்சலு கொல்றதுக்கு முன்னாடி பசி கொன்னுடுமேங்கய்யா."

"பசிக்குதுன்னா நல்ல அடையாளம்மா. உடம்பு தேறுதுன்னு அர்த்தம்."

"நல்ல அடையாளமா? அப்போ எங்க தெருவுல அத்தினி பேரும் நல்லாத் தேறிக்கினுதான் இருக்கறோம்."

ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நோயாளியைச் சேர்ந்தவர்கள் பேச்சு கொடுத்தால் சிரிக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்டிருந்த சட்டம்.

அந்தப் பெண்ணுக்குத் தாயைவிட வாய் அதிகம். காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றபோதும் அது ஓயவில்லை. நான் மதியச் சாப்பாடு முடிந்து வார்டுக்குள் நுழைந்தால் மூக்கை உறிஞ்சுவாள்.

"கிளார்க்கய்யா, இன்னிக்கி உங்க ஊட்டுல கருவாட்டுக் கொழம்பா?"

"ஆமாம்."

"நாளிக்கி கையக் கழுவாத வாங்கய்யா. மோந்து பாத்துக்கறேன்."

ஒரு வாரத்தில் அந்த வாயும் அடங்கியது. கன்னத்து எலும்பு தெரிந்தது. பார்லித் தண்ணீர் கிண்ணத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாய் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து மகளுடைய பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள். "எம்மா, ஒரு வாயி கூழும்மா" என்று மகள் முனகும்போதெல்லாம் அவள் என்னைப் பார்ப்பாள். டாக்டரம்மாவைப் பார்க்க மாட்டாள். சீட்டு எழுதுகிறவனிடம்தான் சோறு இருக்கிறது என்று நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வார்டுக்கு வந்தார். இந்தப் பெண்ணுக்காகச் சபையில் சங்கிலி உபவாசம் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துச் சாப்பிடாமல் ஜெபிப்பது. முறைப்பட்டியலை எழுதியவன் நான்தான். என் பெயரை மாசக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

"நீயும் உபவாசம் இரும்மா," என்றார் போதகர். "பெத்தவ உபவாசத்துக்குக் கர்த்தருடைய சமூகத்துல தனி மதிப்பு உண்டு."

"இருக்கறேங்கய்யா. எனுக்கு அது பழக்கந்தான். என் பங்கு யாருக்குங்கய்யா போவும்?"

போதகர் முகம் மலர்ந்தது. ஆழமான கேள்வி என்று எடுத்துக்கொண்டார். உலையில் போடும் முன் வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. உபவாச நாளின் அரிசியையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று அவர் மாசம் ஒரு முறையாவது பிரசங்கம் செய்வார். அந்தப் பிரசங்கத்தையே இங்கேயும் எடுத்துவிட்டார்.

"நல்லாக் கேட்டே. நாம சாப்பிடாததை நாமே பதுக்கி வச்சுக்கிட்டா அது உபவாசம் இல்ல, கஞ்சத்தனம். பசிச்சவங்களுக்குப் போகணும். உனக்குத் தெரிஞ்சவங்கள்ல யாரு ரொம்பப் பசியா இருக்காங்களோ, அவங்களுக்குக் கொடு."

"சரிங்கய்யா," என்றாள் அவள். அவ்வளவு நிம்மதியாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

பசியைப் பற்றி அந்தக் குடும்பத்தின் வழக்கம் வேறு என்று போதகருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஒருத்தர் சாப்பிடவில்லை என்றால் அந்தக் களி உருண்டை அடுத்தவர் தட்டுக்குப் போகும். அதற்காகத்தான் ஒருத்தர் சாப்பிடாமல் இருப்பார். யாருக்கும் போகாமல் ஆகாயத்துக்கு எழும்பும் உபவாசத்தை அவர்கள் கண்டதில்லை. ஏழை நோயாளிகளோடு இருப்பவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரி அடுப்படியிலிருந்து நாளுக்கு ஒரு முறை கேப்பைக் களி உருண்டை கொடுப்போம். அன்றிலிருந்து அவள் அதைத் தின்னவில்லை. அவளுக்குத் தெரிந்தவர்களில் ரொம்பப் பசியாக இருந்தவள் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெட்டின முடியைத் தடவிப் பார்த்து, தைக்குள் வளருமா என்று ஆயாவிடம் கேட்டாள். பார்லித் தண்ணீரின் பலன் என்றார் டாக்டரம்மா. சங்கிலி உபவாசத்தின் பலன் என்றார் போதகர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நன்றி ஜெபம் ஏறெடுத்தோம்.

அடுத்த நாள் பிற்பகல், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த வேளையில், சீட்டு மாற்றுவதற்காக வார்டுக்குள் போனேன். தாய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு அலுமினியத் தூக்கு. களியை மோர்த் தெளிவில் கரைத்து, ஆட்காட்டி விரலில் தொட்டு, மகளின் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சப்பினாள். கொஞ்ச நேரம் நான் நின்று பார்த்தேன். அழகான காட்சி என்று யாராவது சொல்லக்கூடும். எனக்குக் கால்மாட்டில் தொங்கிய சீட்டுத்தான் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது?"

தூக்கை அவள் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட எனக்குக் கோபம் குறைந்திருக்கும்.

"ஐயா, சொல்லிடாதீங்கய்யா. பொழைச்சிக்கினு வர்றா பாருங்க. ஒரு வெரலு, ரெண்டு வெரலு, அவ்ளோதான். எட்டு நாளாக் குடுக்கறேன், ஒண்ணும் ஆவலியே."

"எட்டு நாளா? யாரு கொடுக்கச் சொன்னது?"

"போதகரய்யாதான் சொன்னாரு. நீங்களும்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தீங்க."

மகள் கண்ணைத் திறந்தாள். "கிளார்க்கய்யா, உங்குளுக்கும் ஒரு வெரலு வேணுமா?" என்றாள்.

எட்டு நாள் என்று கேட்டதும் என் மனதில் பட்டது, எட்டு நாள் மீறல். எட்டு நாள் கொடுத்தும் பெண் தேறித்தான் வருகிறாள் என்பதும் அதே வாக்கியத்தில் இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. அரை மணிக்குள் டாக்டரம்மாவின் மேஜையில் என் எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. தாய் வார்டுக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். உள்ளே வராதவருக்கு அடுப்படியில் பங்கு கிடையாது என்பது அதைத் தொடர்ந்து வரும் விதி. அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நானே அமல்படுத்தினேன். தாய் ஜன்னலுக்கு வெளியே, மதில் ஓரத்தில் நின்றாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலம். தெருவில் போகிறவர்கள் யாராவது ஒரு கை மல்லாட்டை கொடுத்தால் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள், தின்ன மாட்டாள்.

முதல் இரண்டு நாளும் பெண் கத்தினாள். "எம்மாவ உள்ள உடுங்க! ஏ கிளார்க்கு, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தூக்கம் போனது. மூன்றாம் நாள் கத்தல் முனகலானது. நாலாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. "இப்பதான் அடங்கியிருக்கா," என்று நர்சம்மா திருப்தியாகச் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் செத்துப்போனாள்.

குடலில் ஓட்டை விழுந்ததுதான் காரணம் என்றார் டாக்டரம்மா. அறுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து வழக்கமும் அதில்லை. உறவினர் விதியை மீறித் திட உணவு கொடுத்ததன் விளைவு என்று மரணக் குறிப்பில் நான் எழுதினேன். பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா துணியைப் பிழிந்தபடி சொன்னாள்:

"குடுத்த எட்டு நாளும் சாவல. நிறுத்துன அஞ்சாம் நாளு செத்துட்டா. என்னா காய்ச்சலோ, பேஜாருபுடிச்ச காய்ச்சலு."

"நீ உன் வேலையைப் பாரு," என்றேன். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அவள் கண்டுபிடித்தது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

பிணத்தை ஒப்படைக்கும்போது தாயிடம் விவரம் சொல்ல வேண்டியதும் என் வேலை. சொன்னேன். அவள் அழவில்லை. தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சபைக் கமிட்டி கூடியது. ஆவிக்குரிய அர்த்தத்தில் தான் சொன்னதை அந்த அம்மாள் மாம்சத்தில் எடுத்துக்கொண்டாள் என்று போதகர் விளக்கம் கொடுத்தார். எல்லோரும் தலையை ஆட்டினோம். பகிரங்கமாகப் பாவ அறிக்கை செய்யும் வரை அவளை, அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனத்திலிருந்து விலக்கி வைப்பது என்று தீர்மானம். அப்படி விலக்கப்பட்டவர்களுக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடையாது. அதுவும் தீர்மானத்தில் இருந்தது. வாசகம் என்னுடையது. நன்றாக அமைந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். அதே வருஷம் எனக்குத் தலைமை கிளார்க் பதவியும் வந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் டாக்டரம்மா ஓய்வு பெற்றுப் போக, சென்னையிலிருந்து ஓர் இளைஞர் டாக்டராக வந்தார். வந்த வாரமே ஒரு டைபாய்டு நோயாளிக்குக் குழைந்த சோறு, அரை வேக்காட்டு முட்டை, பால் என்று எழுதினார். அவர் தெரியாமல் எழுதிவிட்டார் என்று பழைய விதிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இதெல்லாம் போயிடுச்சு சார்," என்றார் அவர், காகிதத்தைத் தொடாமலே. "காய்ச்சல் உடம்பை எரிக்குது. எரிக்க ஏதாவது போடணும், இல்லைன்னா ஆளையே எரிச்சுடும். பழைய ஆளுங்க பட்டினி போட்டே எத்தனை பேரை அனுப்பினாங்களோ, யாரு கண்டது?"

யார் கண்டது என்று எனக்குத் தெரியும். புதுச் சீட்டுகளுக்கு வாசகம் தயார் செய்து கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாய் வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. தலை முழுக்க நரை. சபைக்குத் திரும்பச் சேர வேண்டும், செத்தால் சபைக் கல்லறையில் மகள் பக்கத்தில் புதைக்க வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். முறையைச் சொன்னேன். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம். நாலாவது ஞாயிறு சபை முன்னால் நின்று அறிக்கை. வாசகத்தை நான் எழுதி வரி வரியாகச் சொல்வேன், திருப்பிச் சொன்னால் போதும்.

"சொல்றேங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"ஜல்தி கேளு."

"எங்க தெருக்கார ஆளு ஒருத்தரு போன மாசம் இங்கதான் படுத்திருந்தாரு. இதே காய்ச்சலாம். அவருக்குச் சோறும் முட்டையும் குடுத்தாங்களாமே. நெசமாய்யா?"

"நெசந்தான்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ எம் மவளுக்கு நா குடுத்த கூழு..."

பதில் என் வாயில் இருந்தது. ஒரே வாக்கியம். அவள் கொடுத்ததால் அல்ல, நிறுத்தியதால் என்று சொல்லியிருந்தால், நிறுத்தியது யார் என்று அடுத்த கேள்வி வரும். மரணக் குறிப்பு என் எழுத்தில் இருக்கிறது. தீர்மானமும் என் எழுத்தில் இருக்கிறது. அவளுடைய மனம் நோகாமல் இருக்க மாற்றிச் சொன்னேன் என்று எழுதிவைக்க இப்போது ஆசைதான், ஆனால் அப்படி இல்லை.

"உன் மகளுக்கு வந்தது வேற காய்ச்சல்மா," என்றேன்.

"வேறயா?"

"வேற வகை. அதுக்குச் சோறு ஆகாது."

மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ நாதான்."

"ஆமாம்."

மூன்று வெள்ளிக்கிழமையும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவளுடைய தெருவார் சொன்னார்கள். நாலாவது ஞாயிறு, விழுப்புரம் பக்கத்துச் சிற்றாலயத்தில் சபை முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னேன், அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். வைத்தியர் விலக்கிய உணவைக் கொடுத்தேன் என்றேன். சொன்னாள். கீழ்ப்படியாமையினால் என் மகளின் மரணத்துக்கு நானே காரணமானேன் என்றேன். ஒரு சொல் பிசகாமல் அதையும் சொன்னாள். அத்தோடு வாசகம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"எம் மவ பசிக்குதுன்னா. குடுத்தேன்," என்றாள்.

போதகர் ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அவள் முழங்காலில் நின்று அப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து குறிப்பெழுத உட்கார்ந்தபோது, கடைசியாக அவள் சொன்னதையும் சேர்க்க வேண்டுமா என்று போதகர் என்னைக் கேட்டார். முறைகள் தெரிந்தவன் நான்தானே. வேண்டியதில்லை என்றேன்.